பாடுகிறவனுக்கு மாலை, பிடிக்கிறவனுக்கு மாவுக்கட்டு

கபடியைப் பற்றி நம் பக்கத்தில் இரண்டு பொய்கள் நெடுங்காலமாக உலவி வருகின்றன. முதலாவது, அது பாடிப் போகிறவனுடைய ஆட்டம் என்பது. இரண்டாவது, அதைத் தமிழர்களாகிய நாம் போற்றி வளர்த்து வருகிறோம் என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்பவை. ஒன்றைத் தள்ளினால் மற்றதும் சரியும். தள்ளிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கோபித்துக்கொள்பவர்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் எனக்கு அதனால் இன்கிரிமென்ட் நின்றுவிடப் போவதில்லை.

2025 தீபாவளியை ஒட்டி மாரி செல்வராஜின் 'பைசன்' வந்தாலும் வந்தது, ஊரெல்லாம் கபடிப் பேச்சு. மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய படம். 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். அதே அக்டோபர் மாதத்தில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டு நடந்தது. அதில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும் திருவாரூர்ப் பக்கத்து அபினேஷும் இருந்தார்கள். அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. நல்ல காரியம். மனம் நிறைந்து வாழ்த்துவோம்.

ஆனால் காலை நடைக்கு வரும் என் சகாக்களிடம் நான் ஒரு சின்னச் சோதனை வைத்தேன். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் இளமையில் கோவணத்தை இறுக்கிக்கொண்டு சடுகுடு ஆடியவர்கள். "கபடியில் உங்களுக்குத் தெரிந்த பெயர் சொல்லுங்கள்" என்றேன். பர்தீப் நர்வால், பவன் செராவத், அஜய் தாகூர், ராகுல் சௌத்ரி என்று மடமடவென்று வந்தது. "இவர்கள் எல்லாரும் பாடிப் போகிறவர்கள். பிடிக்கிறவன் ஒருவன் பெயர் சொல்லுங்கள்" என்றேன். அத்தனை பேரும் மாடவீதி தேரைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்கள். கடைசியில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர்தான், "நம்ம சேரலாதன் இருக்காரே சார்" என்றார். அவருக்கு அன்றைய காபி என் செலவு.

ஆட்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் பாதியில் ஏழு பேர் நிற்கிறார்கள். பாடி வருகிறவனுக்கு 30 விநாடி. அந்த 30 விநாடியில் அவன் ஒருவன், இவர்கள் ஏழு பேர். அதனால் அவன் வீரன், இவர்கள் கூட்டம் என்று நமக்குத் தோன்றுகிறது. சினிமாவும் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. கதாநாயகன் ஒருவன், அடியாட்கள் ஏழு பேர்.

நிஜத்தில் நடப்பது வேறு. பாடி வருகிறவன் தொட்டுவிட்டு ஓடலாம், வெறுங்கையோடும் திரும்பலாம். ஒரு முறை சும்மா வந்து போனால் அவனுக்கு நஷ்டம் ஏதும் இல்லை. பிடிக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. மூலையில் நிற்பவன் தன் பாதத்தைத் தூண்டில் புழு மாதிரி ஒரு சாண் முன்னே நீட்டிக் காட்ட வேண்டும். எதிராளி அதைத் தொட ஆசைப்பட்டு எடையை ஒரு காலில் சாய்க்கும் அந்த அரை நொடியில் பாய்ந்து கணுக்காலைப் பற்ற வேண்டும். அரை நொடி முந்தினால் ஏமாந்தான். அரை நொடி பிந்தினால் தொடப்பட்டு வெளியே போவான். பற்றிய பிறகும் விவகாரம் முடியவில்லை. எழுபது எண்பது கிலோ ஆள் உதைத்துக்கொண்டு கோட்டை நோக்கி இழுப்பான். அவனுடைய முழங்காலுக்கும் தரைக்கும் நடுவில் இவனுடைய முகம் இருக்கும்.

அடுத்து நிற்கிறவன் சமயம் பார்த்து வந்து விழவில்லை என்றால் முதலில் பிடித்தவன் செத்தான். ஒருவன் கணுக்கால், ஒருவன் தொடை, ஒருவன் இடுப்பு என்று வரிசையாக வர வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். இது கோர்வை நெசவு. உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் மூன்று நாடா போட்டு நெய்யும்போது, நெய்கிறவருக்கு அருகில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பித் தரவேண்டும். அந்த ஆள் ஒரு தடவை தவறினால் கரையும் உடலும் கோக்காது. சேலையை விரித்துப் பார்க்கிறவர்கள் முந்தியைப் புகழ்வார்கள், ஜரிகையைப் புகழ்வார்கள். கரை பிரிந்துபோகாமல் முப்பது வருஷம் நிற்கிறதே, அதற்குக் காரணமானவரை யார் கேட்கிறார்கள்?

சேரலாதன் விஷயத்துக்கு வருகிறேன். தர்மராஜ் சேரலாதன், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 1975-ல் பிறந்தவர். மூலையில் நின்று பிடிக்கிறவர். இன்றைக்கு டி.வி.யில் காட்டுகிற புரோ கபடி லீக் தொடங்கியது 2014 ஜூலையில். அப்போது அவருக்கு வயது 39. மற்ற ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்று வர்ணனைக்கோ கோச்சிங்குக்கோ போகிற வயதில்தான் நாடு அவருடைய முகத்தையே முதன்முதலாகப் பார்க்கிறது. 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்கு அவர் தலைவர். அந்தப் பருவத்தின் கோப்பையை ஹைதராபாத் இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூரைத் தோற்கடித்துத் தூக்கினார். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது வயது 41. 2019-ல் ஹரியானா அணிக்குத் தலைவர், வயது 44. அணியில் இருந்த பையன்கள், வர்ணனையாளர்கள், எல்லாருக்கும் அவர் 'அண்ணா'தான். வடநாட்டில் நம் ஒரு சொல்லை இப்படி மரியாதையோடு புழக்கத்தில் விட்டவர்கள் அதிகம் இல்லை.

எல்லாரும் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். எனக்குப் பெருமையோடு வயிற்றெரிச்சலும் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கு 18 வயது 1993-ல். அங்கிருந்து 2014 வரை 21 வருஷம். ஓர் ஆட்டக்காரனின் உடம்பு உச்சத்தில் இருக்கிற இருபதுகளும், அறிவு கனிகிற முப்பதுகளும் அந்த 21 வருஷத்துக்குள் அடங்கிவிட்டன. அந்தக் காலத்தில் அவர் எத்தனை பேரைப் பிடித்தார், எப்படிப் பிடித்தார் என்பதற்கு நம்மிடம் படம் உண்டா, புள்ளிவிவரம் உண்டா? 39 வயதில் மிச்சம் இருந்ததைப் பார்த்தே நாடு வாய் பிளந்தது. 22 வயதில் அவர் எப்படி இருந்திருப்பார் என்பதை மண்ணில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் அறிவார்கள். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரன் பள்ளிக்கூடத்தில் அடித்த ரன்னைக் கூட எழுதி வைத்திருக்கும் தேசம் இது.

"அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்போது லீக் வந்துவிட்டது, பணம் வந்துவிட்டது" என்பார்கள். வந்தது. யாருக்கு எவ்வளவு வந்தது என்றும் பார்ப்போம். 2023 ஏலத்தில் அதிகபட்ச விலை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம். பவன் செராவத், ரைடர். அவருக்கு அடுத்த இடத்தில் 2 கோடியே 35 லட்சத்துக்குப் போனவர் முகமதுரேசா ஷாத்லூயி. அவர் பிடிப்பதில் மன்னன். ஆனால் ஈரான்காரர். அவருக்கு முன்பு பிடித்தே பெயர் வாங்கிய ஃபசல் அத்ராச்சலி, லீக்கில் பிடிப் புள்ளிகளில் 500-ஐத் தாண்டியவர், அவரும் ஈரான்காரர். பிடியின் மதிப்பை நமக்குச் சொல்லித் தர பாரசீகத்திலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது!

அந்தப் பாடத்துக்கு நாம் கட்டணமும் கட்டியிருக்கிறோம். 1990-ல் பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டில் சேர்ந்தது முதல் 2014 வரை ஏழு தடவையும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே. 2018-ல் ஜகார்த்தாவில், அரையிறுதியில், ஈரானிடம் 18-க்கு 27 என்று தோற்றோம். உலகத்தின் பெரிய ரைடர்கள் எல்லாம் நம்மிடம் இருந்தார்கள். ஒரு முழு ஆட்டத்தில் 18 புள்ளிதான் எடுக்க விட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்? அவர்கள் பிடித்தார்கள், நாம் பிடிபட்டோம். மறுநாள் பேப்பரில் "ரைடர்கள் ஏமாற்றினர்" என்ற தொனியில்தான் புலம்பல். பிடிக்கிறவனை வளர்க்காத குற்றத்தை ஒருவரும் எழுதவில்லை.

நம் சென்னை அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் தலைவாஸ் 2017-ல் லீக்கில் சேர்ந்தது. இமாச்சலத்து அஜய் தாகூர் தலைமையில் முதல் மூன்று பருவங்களும் கடைசிப் படியில். 2022-ல் இரண்டேகால் கோடிக்கு மேல் கொடுத்துப் பவன் செராவத்தை எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவர் ஒருவரைப் பிடிக்கப் போய் முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அணி அவ்வளவுதான் என்றார்கள். ஆனால் அந்த வருஷம்தான் அணி முதன்முறையாக அரையிறுதி வரை போனது. நரேந்தர் என்ற இளைஞர் நன்றாகப் பாடினார், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் சாகர், சாஹில் குலியா என்று இரண்டு மூலைகள் சுவர் மாதிரி நின்றதால்தான் அது நடந்தது. இது கண்ணெதிரே நடந்த பாடம். அதற்குப் பிறகாவது நம் ரசிகர்களின் பேச்சு மாறியதா? அடுத்த ரைடரை எவ்வளவுக்கு எடுப்பார்கள் என்பதுதான் பேச்சு.

இது நம் நாட்டு வியாதி மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, சனிக்கிழமைகளில் மாப்பிள்ளை டி.வி. முன்னால் உட்கார்ந்து கல்லூரிப் பையன்களின் அமெரிக்கக் கால்பந்து பார்ப்பார். பெயர்தான் கால்பந்து, கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், மற்றவர்கள் விழுந்து பிடிக்கிறார்கள். எனக்கு அது ஹெல்மெட் போட்ட சடுகுடுவாகத்தான் தெரிந்தது. கல்லூரி ஆட்டத்தைப் பார்க்க ஒரு லட்சம் பேர் கூடும் மைதானங்கள் அங்கே உண்டு. அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கு ஹைஸ்மன் கோப்பை என்று ஒன்று 1935-லிருந்து கொடுத்து வருகிறார்கள். தடுப்பாட்டமே பிரதானமாக ஆடிய ஒருவருக்கு அது முதன்முதலாகக் கிடைத்தது எப்போது தெரியுமா? 1997-ல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் வுட்சன். அறுபது வருஷத்துக்கு மேல் தடுக்கிறவன் ஒருவன்கூட அவர்கள் கண்ணில் படவில்லை.

அந்த வுட்சனும் வெறும் தடுப்புக்காக வாங்கினாரா? பள்ளியில் அவர் பந்தோடு ஓடுகிற ஆட்டக்காரராகத்தான் ஒஹாயோ மாநிலத்தில் பெயர் எடுத்திருந்தார். கல்லூரியிலும் இடையிடையே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் புள்ளி எடுத்துக் காட்டினார். ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அப்படி ஒரு நீண்ட ஓட்டம் ஓடியது அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. அதாவது பிடிக்கிறவனும் கொஞ்சம் பாடிக் காட்டினால்தான் மாலை! 2009-ல் நெப்ராஸ்காவின் என்டமுகாங் சூ என்ற தடுப்பாளர் எதிரணிகளை அல்லோலகல்லோலப்படுத்தினார். அவருக்கு நான்காம் இடம். 2024-ல் கோப்பை பெற்ற டிராவிஸ் ஹன்டர் தடுப்பும் ஆடினார், பந்து வாங்கி ஓடவும் செய்தார்.

ஆக, கண்ணுக்குப் பகட்டாகத் தெரிவதைக் கொண்டாடுவது மனித சுபாவம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே பெத்தாங்க் என்று இரும்புக் குண்டு விளையாட்டு இன்றும் உண்டு. அதில் ஒருவர் குண்டைச் சிறு பந்துக்கு அருகில் பதமாக உருட்டி வைப்பார். இன்னொருவர் எதிராளியின் குண்டைக் குறிபார்த்து அடித்துத் தெறிக்கவிடுவார். தெறிக்கும்போது எல்லாரும் கை தட்டுவார்கள். பக்கத்தில் பதமாக வைத்தவருக்கு ஒரு தலையசைப்பு. ஆனால் அங்கே பெரியவர்கள் அணி பிரிக்கும்போது பதமாக வைக்கிறவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பார்க்கிறவன் கை தட்டுவது வேறு, பொறுப்பில் இருக்கிறவன் கணக்குப் பார்ப்பது வேறு. கூட்டம் மயங்கலாம். நிர்வாகம் மயங்கலாமா?

அமெரிக்காவில் அவர்கள் செய்த அநியாயங்களும் உண்டு. கல்லூரிப் பையன்களை வைத்துப் பயிற்சியாளர்களும் டி.வி.க்காரர்களும் கோடிகோடியாகச் சம்பாதித்தார்கள். ஆடுகிற பையன் தன் பெயரை வைத்து ஒரு டாலர்கூட வாங்கக்கூடாது என்று 2021 வரை சட்டம் வைத்திருந்தார்கள். கோர்ட்டுக்குப் போய்ப் போய்த்தான் 2025-ல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது. என்றாலும் அங்கே ஒரு பையன் கல்லூரியில் எத்தனை பேரைப் பிடித்தான், எந்த ஆட்டத்தில், எத்தனையாவது நிமிஷத்தில் என்பது எழுத்தில் இருக்கிறது. அதனால் அவன் ஆரம்ப காலம் அவனுக்கு மூலதனமாகிறது. வுட்சன் 1998-ல் தொழில்முறை ஆட்டத்துக்கு நான்காவது ஆளாகத் தேர்வானார். சேரலாதனுக்கு அந்த வாசல் திறந்தபோது வயது 39.

இனி விஷயத்தின் வேருக்கு வருகிறேன். நம் கல்லூரிகள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கபடிப் பையனைச் சேர்க்கிறார்கள். முக்கால்வாசி அவன் வீட்டில் கல்லூரி வாசல் மிதிக்கும் முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். அவன் இதுவரை ஆடியது மண்ணில், வெறுங்காலில். பெரிய போட்டி நடப்பதோ மேட்டில், ஷூ போட்டுக்கொண்டு. மண்ணில் பாய்ந்து விழுந்தால் கால் சறுக்கிக்கொண்டு போகும். மேட்டில் பாதம் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது. பாடிப் போகிறவன் தான் நினைத்த திசையில் திரும்புகிறான். பிடிக்கிறவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அடுத்தவன் இழுக்கிற திசையில் அவன் முழங்கால் போயாக வேண்டும். மேல் ஆள் ஒருவன், கீழ் ஆள் ஒருவன் என்று நாலு பேர் அவன்மீது விழுவார்கள். முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுவது அப்படித்தான்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன். கல்லூரியின் பெயர் வேண்டாம், பையனின் பெயரும் வேண்டாம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே அவன்தான் அணியின் வலது மூலை. அவன் கணுக்கால் பிடியைப் பார்க்க வாலாஜாபாத், உத்திரமேரூர்ப் பக்கத்துப் பொங்கல் போட்டிகளுக்கு நம் தெருவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான ஓர் ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. கல்லூரியிலிருந்து ஓர் ஆட்டோவும், வாங்கிக் குடிக்க ஒரு ஜூஸும் ஏற்பாடு செய்தார்கள். அன்று அந்த அணி ஜெயித்தது. பேப்பரில் கோப்பையோடு எடுத்த படம் வந்தது. அவன் அதில் இல்லை.

எல்லாரும் செய்வதுபோல வீட்டில் புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டார்கள். எலும்பு முறிவுக்குப் போட்ட கட்டு. அறுந்தது தசைநார். ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லக்கூட ஆள் இல்லை. மூன்று மாதம் கழித்துத் தெரிந்தபோது, ஆபரேஷனுக்குக் கேட்ட தொகைக்கு வீட்டில் இருந்த இரண்டு தறியையும் விற்றாலும் காணாது. இதற்கிடையில் கல்லூரியில் வருகைப் பதிவு குறைந்துவிட்டது என்று பரீட்சை எழுத விடவில்லை. எந்த மைதானத்தில் விழுந்ததால் அவன் வகுப்புக்கு வரவில்லையோ, அந்த மைதானத்துக்கு அனுப்பியவர்களே அதைக் கேட்டார்கள். அரியர் சேர்ந்தது. படிப்பு நின்றது.

"போகட்டும், குலத்தொழில் இருக்கிறதே" என்று ஒரு பெரிய மனிதர் என்னிடம் சொன்னார். அவர் குழித்தறியைப் பார்த்ததே இல்லை போலும். குழியில் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்க மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். முழங்கால் இல்லாமல் மிதி ஏது? பிடிக்கிறவனின் முழங்காலைக் கல்லூரி வாங்கிக்கொண்டபோது அவன் அப்பாவின் தறியையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. இப்போது அவன் ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கிறான். வயது 26.

அந்தப் பவன் செராவத்துக்கும் முழங்கால்தான். அவரைத் தூக்கிச் செல்ல ஆள் இருந்தார்கள், மருத்துவர் இருந்தார், ஒரு வருஷம் காத்திருக்கச் சம்பளம் இருந்தது. அடுத்த ஏலத்தில் முன்னைவிடக் கூடுதல் விலைக்குப் போனார். அது அவருடைய உழைப்பு, சந்தோஷம். ஒரே மாதிரி முழங்கால், ஒரே மாதிரி ஆட்டம். ஒன்றுக்கு இரண்டரைக் கோடி, இன்னொன்றுக்கு ஸ்டூல்.

இப்படிச் சொன்னால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும்.

"ரைடரும்தானே அடிபடுகிறான்?" அடிபடுகிறான். அவனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஆனால் ரைடர் அடிபட்டால் அழவாவது நாலு பேர் இருக்கிறார்கள். பிடிக்கிறவன் அடிபட்டால் அடுத்த பையனைக் கூப்பிட்டு மூலையில் நிறுத்துகிறார்கள்.

"அரசுப் பணியில் 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறதே?" இருக்கிறது, முன்பு 2 சதவீதமாக இருந்ததை உயர்த்தியும் இருக்கிறார்கள். நான் அலுவலகத்தில் அந்த மாதிரிச் சான்றிதழ்களைப் பார்த்திருக்கிறேன். சர்வதேசப் போட்டிக்கு ஒரு படிவம், தேசியப் போட்டிக்கு ஒன்று, பல்கலைக்கழகப் போட்டிக்கு ஒன்று. மேல்மட்டம் வரை போய்ப் படிவத்தோடு திரும்புகிறவனுக்குத்தான் அந்தக் கதவு. ஏணியில் ஏறும்போது நடுப்படியில் விழுந்தவனுக்கு எந்தப் படிவமும் கிடையாது. விழுகிறவர்களில் பிடிக்கிறவர்களே அதிகம் என்பதை ஆடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"விளையாட்டு என்றால் அடிபடத்தான் செய்யும். நாங்கள் அந்தக் காலத்தில் படாததா?" இது நம் வயதுக்காரர்கள் சொல்வது. இதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம். நாம் ஆடியது நம் சந்தோஷத்துக்கு. அந்தப் பையன் ஆடுவது ஒரு நிறுவனத்தின் பெயருக்கு, அதன் விளம்பரப் பலகைக்கு, அதன் தர மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு வரிக்கு. வேலை வாங்கிக்கொண்டால் விபத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். இது தொழிற்சாலைக்குப் பொருந்தும், தறிக்கூடத்துக்குப் பொருந்தும். கல்லூரிக்கு மட்டும் பொருந்தாதா?

ஆகவே நான் கேட்பது தர்மம் இல்லை, கணக்கு. முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதியவன், அதனால் வரிசை எண் போட்டே சொல்லிவிடுகிறேன்.

1. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கும் ஒவ்வொரு மாணவனுக்கும், சேர்க்கும் அன்றே, காயத்துக்கான காப்பீட்டைக் கல்லூரி தன் செலவில் எடுக்க வேண்டும். ஸ்கேன், ஆபரேஷன், அதற்குப் பிறகான பிசியோதெரபி மூன்றும் அதில் அடங்க வேண்டும்.

2. கல்லூரிக்காக ஆடி அடிபட்டவனின் வருகைப் பதிவை அந்தக் காலத்துக்குக் குறைக்கக் கூடாது. அபராதக் கட்டணமும் வாங்கக் கூடாது.

3. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பட்டத்தோடு வெளியே போனவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கல்லூரியும் வருஷா வருஷம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கோப்பைகளை அடுக்கியிருக்கும் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்திலேயே ஒட்டட்டும்.

4. முதலமைச்சர் கோப்பை முதல் ஊர்ப் பொங்கல் போட்டி வரை, யார் யாரைப் பிடித்தார்கள் என்று ஸ்கோர் நோட்டில் பெயரோடு எழுத வேண்டும். ஒரு பேனாவும் ஒரு நோட்டும் தவிர இதற்குச் செலவு கிடையாது.

5. நம் ஊர்ப் போட்டிகளில் சிறந்த ரைடருக்கு ஆட்டுக்கிடாயும், சிறந்த கேட்சருக்கு எவர்சில்வர் குடமும் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். இருவருக்கும் ஒரே பரிசு. இதற்கு அரசாணை தேவையில்லை. கமிட்டியில் இருப்பவர்கள் நம்மில் பாதிப் பேர்.

கடைசி விஷயம் நம் கையிலேயே இருக்கிறது என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன். வருகிற பொங்கலுக்கு உங்கள் தெருப் போட்டிக்கு நன்கொடை கேட்டு ரசீது புத்தகத்தோடு பையன்கள் வருவார்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். "அடிபட்டால் யார் பார்ப்பார்கள்? பிடிக்கிறவனுக்கு என்ன பரிசு?" பதில் சொன்னால் கூடவே நூறு ரூபாய் போட்டுக் கொடுங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, போய் யோசித்துவிட்டு நாளைக்கு வரச் சொல்லுங்கள்.

கபடி தமிழன் விளையாட்டு என்று மேடையில் முழங்குவதற்கு அதற்குப் பிறகு நமக்குக் கொஞ்சம் தகுதி வரும்.